பலிபீடம் இல்லாத பலிபீடக் குன்று

லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸிலிருந்து வடமேற்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால் கெர்னவே என்று ஓர் ஊர் வரும். ஊர் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். முந்நூறு பேர்கூட இல்லை. சிவப்புச் செங்கல்லில் ஒரு தேவாலயம், ஒரு அருங்காட்சியகம், தோட்டத்தோடு கூடிய மர வீடுகள், அவ்வளவுதான். ஊர் முடிகிற இடத்தில் தரை சட்டென்று சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவின் விளிம்பில், யாரோ கரண்டியால் வெட்டி எடுத்து வைத்ததுபோல, புல் போர்த்திய குன்றுகள். மொத்தம் ஐந்து. நான்கு ஒன்றாக நிற்கின்றன, ஒன்று சற்றுத் தள்ளி. கீழே அகலமான புல்வெளி. அதற்கும் அப்பால் வளைந்து ஓடும் நெரிஸ் ஆறு.

குன்றுகளின் பெயர்களைக் கேட்டால் ஏதோ கற்பனைத் தொடரின் வரைபடத்தைப் பார்ப்பதுபோல இருக்கும். ஒன்று ‘மிந்தௌகஸின் அரியணை’. இன்னொன்று பெருங்கோயில் பூசாரி லிஸ்தெய்காவின் பெயரைத் தாங்கியது. ஒன்று கோட்டைக் குன்று. நடுவில் நிற்பது ‘அவுகுரஸ்’, அதாவது பலிபீடக் குன்று. அதன் உச்சியில் அணையாத நெருப்பு எரிந்தது, பழைய தெய்வங்களுக்குப் பலி நடந்தது, கன்னிப் பெண்கள் நெருப்பைக் காத்தார்கள் என்றெல்லாம் பல தலைமுறைகளாக நம்பினார்கள்.

அகழாய்வுக்காரர்கள் தோண்டிப் பார்த்தார்கள். பலிபீடம் இல்லை.

வீடு இருந்தது. தற்காப்பு மதில் இருந்தது. மனிதர்கள் சமைத்ததும் தின்றதும் உடைத்ததும் தூக்கிப் போட்டதும் இருந்தன. 13-ஆம் நூற்றாண்டில் அந்தக் குன்றின் மேல் ஒரு கோமகனின் மரக்கோட்டை நின்றிருக்கிறது. சாமி கும்பிடுகிற இடம் என்று நூறு வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிவந்த இடம் கடைசியில் ஒருத்தர் குடியிருந்த வீடு! ‘சரி, பெயரை மாற்றிவிடலாம்’ என்று யாரும் கிளம்பவில்லை. இன்றும் அறிவிப்புப் பலகையில் அவுகுரஸ்தான். எனக்கு இது பிடித்திருக்கிறது. பெயர் பொய் சொல்கிறது, பக்கத்திலேயே அருங்காட்சியகம் உண்மையைச் சொல்கிறது, இரண்டும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன.

இந்தப் பெயர்கள் வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் லிதுவேனியப் பிரபுக்கள் தங்களுக்கு ஒரு பெருமைமிக்க பூர்வீகம் வேண்டும் என்று வரலாற்றுச் சுவடிகளை எழுதவைத்தார்கள். அவற்றின்படி அவர்களுடைய மூதாதையர் ரோமிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அந்த வம்சத்தில் கெர்னியுஸ் என்று ஒருவன் கெர்னவேயைக் கட்டினான், அவனுக்குப் பயௌதா என்று ஒரு மகள் என்று கதை போகிறது. இதை 19-ஆம் நூற்றாண்டின் கற்பனாவாதக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1826-இல் பெலிக்ஸ் பெர்னத்தோவிச் போலிஷ் மொழியில் ஒரு நாவல் எழுதினார். அதில் பயௌதா பூசாரி லிஸ்தெய்காவின் மகள். நாவல் பரவலாக வாசிக்கப்பட்டது. கீழேயிருக்கும் புல்வெளி ‘பயௌதா பள்ளத்தாக்கு’ ஆனது. நம்மூரில் சினிமா எடுத்த இடத்துக்குப் படத்தின் பெயரே ஒட்டிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி.

அதைச் சிரித்து ஒதுக்கிவிடவும் முடியாது. அந்தக் காலத்தில் லிதுவேனியா என்று வரைபடத்தில் தனியாக ஒரு நாடு கிடையாது. 1795-இல் போலந்து-லிதுவேனியக் கூட்டரசு துண்டாடப்பட்ட பிறகு அது ரஷ்யப் பேரரசின் மாகாணம். கையில் நாடு இல்லாதவர்கள் குன்றுகளுக்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் கதைகளின் சூட்டில்தான் முதல் மண்வெட்டியும் இறங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் திஷ்கேவிச் சகோதரர்களும் கவிஞர் விளாதிஸ்லாவ் சிரோகோம்லாவும் இங்கே தோண்டிப் பார்த்தார்கள். சகோதரர்களில் கான்ஸ்தந்தி 1857-இல் நெரிஸ் ஆற்றின் வழியே படகில் பயணம் போய், கரையோர ஊர்களையும் மேடுகளையும் பதிவு செய்தவர். எவ்ஸ்தாகி வில்னியஸில் தொல்பொருள் அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர். 1863-இல் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய பிறகு ஜார் அரசு அந்த அருங்காட்சியகத்தையும் விட்டுவைக்கவில்லை. பழைய பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதே அரசுக்குச் சந்தேகத்துக்குரிய காரியமாகத் தோன்றிய காலம் அது.

எழுத்தில் கெர்னவே முதன்முதலாக 1279-இல் தலைகாட்டுகிறது. எழுதியவர்கள் அந்த ஊர்க்காரர்கள் இல்லை. அதைக் கொளுத்த வந்தவர்கள்! இன்றைய லாத்வியா, எஸ்தோனியா பக்கம் ஆட்சி செய்துகொண்டிருந்த லிவோனிய வீரத்துறவிகள் அமைப்பு, லிதுவேனியர்களைக் கிறித்தவர்களாக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு பனிக்காலத்தில் படையெடுத்து வந்தது. கெர்னவே வரை வந்து கொள்ளையடித்தார்கள். அப்போது லிதுவேனியாவை ஆண்டவர் திராய்தெனிஸ். திரும்பிப் போகும் வழியில் அவருடைய ஆட்கள் துரத்திப்போய், மார்ச் 5 அன்று ஐஸ்க்ரௌக்லே என்ற இடத்தில் மடக்கினார்கள். அமைப்பின் தலைவர் எர்ன்ஸ்ட் உட்பட 71 வீரத்துறவிகள் செத்தார்கள். இந்தக் கதையை லிவோனியச் செய்யுள் வரலாறு என்ற ஜெர்மன் நூல் சொல்கிறது. ஓர் ஊர் இருந்ததற்கான முதல் எழுத்துச் சாட்சியம் அதைக் கொள்ளையடித்தவனின் கணக்குப் புத்தகம் என்றால், அந்த ஊரைப் பற்றி அதில் என்ன தெரியும்? இருந்தது என்று தெரியும். கொள்ளையடிக்கிற அளவுக்கு வசதியாக இருந்தது என்று தெரியும். அங்கே யார் இருந்தார்கள், காலையில் எழுந்து என்ன வேலைக்குப் போனார்கள் என்பதெல்லாம் படையெடுத்து வந்தவனுக்குத் தேவையில்லை.

அதனால் மிச்சக் கதைக்கு மண்ணைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அதற்கு ஏழு நூற்றாண்டுகள் ஆயின.

1979-இல் வில்னியஸ் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் கெர்னவேயில் தொடர்ச்சியான அகழாய்வைத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் அதை வழிநடத்தியவர் அலெக்சியேயுஸ் லுக்தானஸ். காலத்தைக் கவனியுங்கள். சோவியத் ஆட்சி. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1967-இல், இதே குன்றுகளில் இளைஞர்கள் கூடி ராசோஸ் என்ற கோடைக்கால உச்சத் திருவிழாவைப் பழைய முறையில் தீ மூட்டிக் கொண்டாடினார்கள். நாட்டுப்புறப் பாட்டு, பூமாலை, விடிய விடிய நெருப்பு. வெளிப்பார்வைக்கு வெறும் கலாச்சார நிகழ்ச்சி. ஆனால் ராணுவத்தையும் உளவுத்துறையையும் வைத்து ஆள்கிறவர்களுக்கு, நாலு பேர் சேர்ந்து பழைய பாட்டுப் பாடினாலும் உறுத்தும். அந்த இயக்கம் சீக்கிரமே நெருக்கடிக்கு உள்ளானது. ஆக, பல்கலைக்கழகக் குழு மண்வெட்டியோடு வந்து இறங்கியபோது இந்தக் குன்றுகள் ஏற்கெனவே நிறைய பேருடைய நம்பிக்கையைச் சுமந்துகொண்டிருந்தன. எல்லோருக்கும் ஒரு தலைநகரம் வேண்டியிருந்தது. அரண்மனை, பலிபீடம், அரியணை எல்லாம் வேண்டியிருந்தன.

அவர்களுக்குக் கிடைத்தது வேறு. ஏறி இறங்கி, ஏறி இறங்கி வாழ்ந்த ஒரு ஜனக்கூட்டத்தின் பத்தாயிரம் ஆண்டுக் கதை.

பனிக்கட்டி யுகம் முடிந்து, உறைபனி வடக்கே பின்வாங்கிய காலத்தில் கலைமான்களைத் துரத்திக்கொண்டு வந்த வேட்டைக்காரர்கள் முதலில் ஆற்றங்கரையில் தங்கினார்கள். அவர்கள் விட்டுப்போனது சிக்கிமுக்கிக் கல் சில்லுகள். பிறகும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பள்ளத்தாக்கில் மனிதர்கள் வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். கிறிஸ்துவுக்கு முந்தைய கடைசி ஆயிரமாண்டில் கதை குன்றின் மேல் ஏறுகிறது. லிதுவேனிய மொழியில் இந்த வகைக் குன்றுகளுக்குப் ‘பிலியாகல்னிஸ்’ என்று பெயர். ‘பிலிஸ்’ என்றால் கோட்டை, ‘கல்னஸ்’ என்றால் குன்று. இயற்கையான மேட்டின் பக்கங்களைச் செதுக்கி இன்னும் செங்குத்தாக்கி, உச்சியைத் தட்டையாக்கி, விளிம்பில் மரவேலி போட்டு உள்ளே சில குடும்பங்கள் சேர்ந்து வாழ்வார்கள். அந்தக் காலத்துக் கிழக்கு லிதுவேனியர்களை அடையாளம் காட்டுவது அவர்களுடைய பானைதான். சுடுவதற்கு முன், ஈரமான பானையின் வெளிப்பக்கத்தைப் புல்கற்றையால் வருடிவிட்டதுபோல நெடுகக் கோடு கோடாக இருக்கும். அழகுக்கா, வழுக்காமல் பிடிக்கவா என்று பேசிக்கொண்டே இருக்கலாம். அந்தக் கோடுகளை வைத்தே ஒரு பண்பாட்டுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கிறிஸ்து பிறந்த பிறகான முதல் சில நூற்றாண்டுகளில் மறுபடியும் இறக்கம். இரும்பு பரவலாகிவிட்டது. காட்டை வெட்டி வயலாக்க முடிந்தது. குன்றின் உச்சியில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க வேண்டிய அவசியம் குறைந்தது. தூரத்தில் ரோமப் பேரரசு, பால்டிக் கடற்கரையின் ஆம்பருக்காக வணிகப் பாதைகளைத் திறந்துவைத்திருந்த காலம். பயௌதா பள்ளத்தாக்கில் வேலியில்லாத ஊர் ஒன்று விரிந்தது. இந்தக் காலத்தின் தடயங்களில் என் மனதைப் பிடித்தது ஒரு சாலை. ‘மெத்கிரிந்தா’ என்பார்கள். ‘மெதிஸ்’ மரம், ‘கிரிந்திஸ்’ தளம். சதுப்பு நிலத்தின் குறுக்கே மரத்தைப் பரப்பிப் போட்ட வழி. கெர்னவேயில் கிடைத்தது 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அறியப்பட்டவற்றில் மிகப் பழையது இதுதான். இப்படிப்பட்ட பாதைகள் சேற்று நீருக்கு அடியில் மறைந்திருக்கும். தெரிந்தவன் கால் நனைய நடந்து போய்விடுவான். தெரியாமல் துரத்தி வருகிறவன் குதிரையோடு இடுப்பளவு புதைவான். பாதையும் அதுவே, பூட்டும் அதுவே.

அப்புறம் ஐரோப்பா முழுக்க இனக்குழுக்கள் இடம்பெயர்ந்த அமளிக்காலம். பள்ளத்தாக்கின் ஈரம் கூடியது, ஊர் மறுபடி மேட்டைத் தேடியது. இந்த நூற்றாண்டுகளைச் சட்டென்று தாண்டிவிடுகிறேன். மண்ணும் இங்கே அதிகம் பேசவில்லை.

13-ஆம் நூற்றாண்டில் எல்லாமே வேகமெடுக்கிறது. வடக்கே 1202-இல் வாளேந்திய துறவிகளின் அமைப்பு தொடங்கியது. 1236-இல் சௌலே போரில் அது நொறுங்கியபின் மிஞ்சியவர்கள் ட்யூட்டானிக் அமைப்போடு சேர்ந்தார்கள். மேற்கே பிரஷ்யாவிலும் அதே அமைப்பு. கிழக்கே மங்கோலியர்கள் 1240-இல் கீவ் நகரத்தைத் தகர்த்தார்கள். இந்த நெருக்குதல்களுக்கு நடுவில்தான் சிதறிக்கிடந்த லிதுவேனியக் குறுநிலங்கள் ஒன்றாகி, 1253-இல் மிந்தௌகஸ் அரசராக முடிசூடினார். பத்தே வருஷத்தில் அவரைக் கொன்றுவிட்டார்கள். கொஞ்ச காலக் குழப்பத்துக்குப் பின் வந்தவர்தான் திராய்தெனிஸ்.

இந்தக் காலத்துக் கெர்னவேயில் குன்றுகள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அவுகுரஸ் குன்றில் கோமகனின் இருப்பிடம். ‘அரியணை’யும் லிஸ்தெய்கா குன்றும் அதற்கு இரண்டு பக்கமும் நின்று காவல் காக்கும் முன்னரண்கள். கோட்டைக் குன்றிலும் குடியிருப்பு. எல்லாமே மரம். மண்மேட்டின் மேல் அடுக்கிய மரச்சட்டங்கள், அவற்றின் மேல் வேலி, கோபுரம். இந்த மாதிரிக் கோட்டை எரிந்தால் மறு பருவத்துக்குள் திரும்பக் கட்டிவிடலாம். எரிவதும் எளிது.

ஆனால் அகழாய்வின் பெரிய செய்தி குன்றுகளில் இல்லை. கீழே, நாவலின் புண்ணியத்தில் பெயர் பெற்ற அந்தப் புல்வெளியில் இருந்தது. ஆடு மாடு மேய்ந்துகொண்டிருந்த இடத்தில் குழி வெட்டியபோது ஒரு முழு நகரம் கிடைத்தது. மரம் பாவிய தெருக்கள், வேலி போட்டுப் பிரித்த மனைகள், மனைக்குள் வீடும் பட்டறையும். கொல்லர்கள், நகை செய்பவர்கள், எலும்பையும் கொம்பையும் செதுக்குபவர்கள், குயவர்கள், தோல் வேலை செய்பவர்கள். யாருடைய பெயரும் எந்தச் சுவடியிலும் இல்லை. சுவடி எழுதியவர்களின் கண்ணுக்கு அவர்கள் ‘கெர்னவே நிலம்’ என்ற இரண்டு வார்த்தைக்குள் அடங்கிப்போனவர்கள்.

தொல்லியலில் ஒரு பட்டறையை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? முழுமையான நகை கிடைத்தால் அது யாரோ தொலைத்தது. வாங்கியவர் தொலைத்திருக்கலாம், வழிப்போக்கர் தொலைத்திருக்கலாம். ஆனால் பாதி செதுக்கிக் கைவிட்ட எலும்புத் துண்டும் உலோகத் துளி ஒட்டிய மூசையும் அறுத்து மிஞ்சிய கொம்பு நுனியும் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால், அங்கே ஒருத்தர் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம். கழிவுதான் சாட்சி. அரண்மனையை மட்டும் தேடிப் போகிறவனுக்கு இது குப்பை. ஒரு ஊர் எப்படி வளர்ந்தது என்று கேட்கிறவனுக்கு இந்தக் குப்பைதான் பதில். கோமகன் ஒருத்தர் குன்றில் ஏறி உட்கார்ந்ததால் மட்டும் நகரம் வந்துவிடாது. தனக்குத் தேவையான தானியத்தைத் தானே விளைவிக்காமல், வருஷம் முழுக்கச் சீப்பு செய்தே பிழைக்க ஒருவரால் முடிந்த நாளில்தான் கெர்னவே கிராமமாக இருப்பதிலிருந்து நகர்ந்தது. அவருடைய சீப்பை வாங்க ஆள் வேண்டும், அவருக்கு உணவு கொண்டுவர வயல்காரர்கள் வேண்டும், கொண்டுவரப் பாதை வேண்டும். மேலேயிருக்கும் கோட்டை இந்தப் பரிமாற்றத்துக்குக் காவல். அதற்கான கூலியையும் அது எடுத்துக்கொண்டிருக்கும்.

அந்த மனிதர்களையே நேரில் பார்க்கவும் ஒரு வாய்ப்பு கிடைத்தது. ஊருக்குச் சற்று வெளியே, கிரிவெய்கிஷ்கிஸ் என்ற இடத்தில், 13-14-ஆம் நூற்றாண்டுக் கல்லறைத் திடல் ஒன்று வெளிப்பட்டது. ஆய்வாளர் கின்தவுதஸ் வேலியுஸ் அதை வைத்து அந்த நகரச் சமூகத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். பெண்களின் தலையில் மெல்லிய உலோகத் தகடுகள் கோத்த பட்டிகள், கழுத்தில் கண்ணாடி மணிகள், விரல்களில் மோதிரங்கள். தகடுகள் கிடந்த வரிசையை அப்படியே பதிவு செய்து, அந்தத் தலையணியை மறுபடி செய்தே காட்டியிருக்கிறார்கள். துணி மக்கிப் போய்விட்டது. தகடுகளின் வரிசை மட்டும், இல்லாத துணியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருந்தது.

அங்கே ஒரு முடிச்சும் இருக்கிறது. அந்தக் காலத்து லிதுவேனியர்களின் வழக்கம் பிணத்தை எரிப்பது. 1377-இல் இறந்த அல்கிர்தஸ், 1382-இல் இறந்த கெஸ்துதிஸ் என்ற இரண்டு பெருங்கோமகன்களையும் குதிரைகளோடு சிதையில் ஏற்றினார்கள். கிரிவெய்கிஷ்கிஸில் கிடப்பவர்களோ எரிக்காமல் புதைக்கப்பட்டவர்கள். நகைநட்டோடு புதைத்திருப்பதால் சர்ச் சொல்கிற முறையிலும் இல்லை. நாடு அதிகாரபூர்வமாகக் கிறித்தவத்தை ஏற்றது 1387-இல். அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே, நாட்டின் ‘கடைசிப் பாகன் கோட்டை’ என்று கதை கட்டப்பட்ட ஊரில் மனிதர்கள் வேறு மாதிரிச் சாகத் தொடங்கியிருந்தார்கள். கிழக்கே ஸ்லாவிய நிலங்களின் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவத் தாக்கம் இது என்பது வலுவான விளக்கம். திராய்தெனிஸ் கடைசிவரை பழைய மதத்தில் இருந்தவர். அவருடைய சகோதரர்கள் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் என்று அண்டை நாட்டு வரலாற்றுச் சுவடியே சொல்கிறது. ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு மதம் என்றால் ஒரே ஊருக்குள் இருப்பதில் என்ன ஆச்சரியம்? ‘தூய பாகன் தலைநகரம்’ என்ற ஆசைக்கு, பலிபீடம் இல்லாமல் போனதைவிட இந்தக் கல்லறைகள் பெரிய அடி.

1323-இல் கெதிமினஸ் ஐரோப்பிய நகரங்களுக்குக் கடிதம் எழுதி வணிகர்களையும் கைவினைஞர்களையும் வரச்சொல்லி அழைக்கிறார். கடிதம் புறப்படுவது வில்னியஸிலிருந்து. அதற்குள் ஆட்சியின் மையம் நகர்ந்துவிட்டது. வில்னியஸில், த்ராக்காயில், கௌனஸில் கல்கோட்டைகள் எழும்பின. கெர்னவே மரத்திலேயே நின்றுவிட்டது. ஒரு ஊரை அரசு கைவிடுவது எப்போதும் அறிவிப்போடு நடப்பதில்லை. கல் வண்டி வேறு ஊருக்குப் போகும், அவ்வளவுதான். அதற்காகக் கெர்னவே உடனே சுருண்டுவிடவில்லை. பட்டறைகள் 14-ஆம் நூற்றாண்டு முழுக்க ஓடின.

1365-இல் ட்யூட்டானிக் படை வந்து எரித்தது. அந்தப் படைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் பெருங்கோமகன் கெஸ்துதிஸின் சொந்த மகன் புதௌதஸ். அப்பனோடு பிணங்கிப்போய், எதிரியிடம் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றவர். ஊர் மீண்டும் எழுந்தது. 1390-இல் மறுபடியும் தீ. இந்தமுறை திரும்ப எழவில்லை. அந்த வருஷத்துப் போர் இன்னும் விசித்திரமானது. லிதுவேனியா ஞானஸ்நானம் பெற்று மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் ‘பாகன்களுக்கு எதிரான’ படையெடுப்பு நிற்கவில்லை. பின்னாளில் இங்கிலாந்தின் நான்காம் ஹென்றியாகப்போகும் இளைஞர் ஒருவர்கூட வில்னியஸ் முற்றுகையில் சாகசம் தேடி வந்து நின்றார். படையோடு சேர்ந்து நின்ற இன்னொருவர் விதௌதஸ். தன் ஒன்றுவிட்ட சகோதரர் யோகைலாவோடு பதவிச் சண்டை போட்டுக்கொண்டு எதிரி முகாமில் இருந்தவர். பிறகு சமாதானமாகி, பெருங்கோமகனாகி, இன்று லிதுவேனியாவின் ஆகப்பெரிய நாயகன். சாதாரணமாக ஒரே வரியில் ‘சிலுவைப்போர் வீரர்கள் கெர்னவேயை அழித்தார்கள்’ என்று முடித்துவிடுவார்கள். பொய் இல்லை. ஆனால் அந்த ஒரே வரிக்குள் அப்பன்-மகன் சண்டையும் அண்ணன்-தம்பி சண்டையும் மடிந்து கிடக்கின்றன. கரி அடுக்கில் அவர்கள் யாருடைய பெயரும் எழுதியிருக்காது. கரி, கரியாக மட்டுமே இருக்கும்.

தப்பியவர்கள் கீழே திரும்பவில்லை. மேட்டின் மேல், இன்றைய ஊர் இருக்கும் இடத்தில் குடியேறினார்கள். எரிந்த நகரத்தின் மேல் சரிவிலிருந்து மழை மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. ஆறு பெருகும்போதெல்லாம் வண்டலைப் பரப்பியது. தாழ்வான இடங்களில் நீர் தேங்கிப் பீட் எனப்படும் சதுப்புக்கரி மண் படிந்தது. இந்த ஈரம்தான் பெரிய உபகாரம் செய்தது. மரத்தையும் தோலையும் தின்கிற நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். நீர் நிறைந்த மண்ணில் காற்று இல்லை. வறண்ட மேட்டில் சில பத்தாண்டுகளில் தூளாகியிருக்க வேண்டிய மரம் அறுநூறு ஆண்டுகள் கிடந்தது. ‘லிதுவேனியாவின் டிராய்’ என்று பத்திரிகைகள் இதை அழைப்பது கொஞ்சம் மிகைதான். டிராய்க்கு ஹோமர் இருந்தார். கெர்னவேயின் கீழூருக்கு ஒரு பாட்டுகூட இல்லை.

வில்னியஸோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். வில்னியஸ் ஜெயித்த நகரம். ஜெயித்ததால் அதே இடத்தில் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு கட்டிக்கொண்டே போனது. அடித்தளம், நிலவறை, சாக்கடை, குழாய் என்று ஒவ்வொன்றும் கீழேயிருந்த பழைய அடுக்கைக் குடைந்துதான் இறங்கியது. அங்கே 13-ஆம் நூற்றாண்டைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு கட்டடத்தைப் பழுதுபார்க்கும்போது கிடைக்கும் சிறு குழிக்குக் காத்திருக்க வேண்டும். கெர்னவே தோற்ற நகரம். அதன் மேல் யாரும் எதுவும் கட்டவில்லை. அதனால் ஒரு தெருவை, மனையை, வேலியை அடுத்தடுத்து வைத்துப் படிக்க முடிகிறது. லிதுவேனியாவின் தொடக்கக்கால நகரம் எப்படி இருந்திருக்கும் என்று அறிய, வெற்றிபெற்ற தலைநகரம் உதவுவதைவிடப் புல் முளைத்துப்போன இந்த ஊர் அதிகம் உதவுகிறது.

‘அப்போ இது முதல் தலைநகரம்தானே?’ என்று கேட்டால் என்ன சொல்வது? சுற்றுலாப் பிரசுரங்கள் ஆமாம் என்கின்றன. திராய்தெனிஸின் ஆட்சி மையம் இதுதான் என்று சொல்லச் சுவடியும் மண்ணும் இடம் தருகின்றன. ஆனால் அந்தக் கால ஆட்சியாளர் ஒரே ஊரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆட்களோடும் குதிரைகளோடும் கோட்டை கோட்டையாகச் சுற்றி, அங்கங்கே சேர்ந்த தானியத்தைத் தின்று தீர்த்து நகர்ந்துகொண்டே இருந்தார்கள். ‘தலைநகரம்’ என்ற இன்றைய சொல்லை அவர்களுக்கு மாட்டிவிட்டால் அளவு சரியாக இருக்காது. என்னைக் கேட்டால், கெர்னவேக்கு அந்தப் பட்டம் தேவையே இல்லை. எந்த அரசனுக்கும் எங்கோ ஒரு கோட்டை இருக்கும். கொம்புச் சீப்பு செய்தவரின் மனை எல்லை தெரிகிற இடம் எத்தனை இருக்கிறது?

1989-இல், சோவியத் ஒன்றியம் ஆட்டம் கண்டுகொண்டிருந்த வேளையில், இந்தப் பகுதி அரசுப் பண்பாட்டுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் லிதுவேனியா சுதந்திரத்தை அறிவித்தது. 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 194.4 ஹெக்டேர் பரப்போடு சேர்த்தது. 2012-இல் அருங்காட்சியகம் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தது. குன்றுகளுக்குப் பக்கத்திலேயே அகழாய்வில் கிடைத்த அளவுகளை வைத்து மர வீடுகளும் வேலிகளும் பட்டறைகளும் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஜூலை மாதத்தில், மிந்தௌகஸ் முடிசூடிய நாளையொட்டி, ‘உயிருள்ள தொல்லியல் நாட்கள்’ என்று ஒரு திருவிழா. கொல்லர் உலை ஊதுவார், குயவர் சக்கரம் சுற்றுவார், பிள்ளைகள் அம்பு விடுவார்கள். முந்நூறு பேர்கூட இல்லாத ஊரில் அந்த நாட்களில் கார் நிறுத்த இடம் கிடைக்காது.

திருவிழா முடிந்தால் மறுபடி புல்தான். பள்ளத்தாக்கின் மிகச் சிறிய பகுதியைத்தான் இதுவரை தோண்டியிருக்கிறார்கள். வேண்டுமென்றேதான். தோண்டுவது என்றால் அந்த அடுக்கை அழித்துவிடுவது. அதே மண்ணை இரண்டாவது முறை தோண்ட முடியாது. அறுநூறு ஆண்டுகள் ஈரத்தில் இருந்த மரத்தை வெளியே எடுத்தால், உடனே நீரில் வைத்து, மாதக்கணக்கில் ரசாயனம் ஊட்டி, மெதுவாக உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் சுருங்கி வெடித்து விறகுக்குக்கூட உதவாமல் போய்விடும். அதனால் அளந்து, வரைந்து, படமெடுத்து, எடுக்க வேண்டியதை எடுத்து, குழியை மூடிவிடுகிறார்கள். மேலே புல் பிடிக்கிறது. தெருவின் மிச்சம் அடியில், நனைந்தபடி, கிடக்கிறது.